நீர்க்கட்சி அத்தான், காற்றுக்கட்சி அக்கா

1983 மே 1, ஞாயிறு

இந்த டைரி தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி எனக்குத் தனிப்பட்ட முறையில் கொடுத்தது. மற்றவர்களுக்கெல்லாம் காலண்டர்தான். நாலு மாதமாக இதில் ஒரு வரி எழுதாததற்குக் காரணம் சோம்பல் அல்ல. எழுதத் தகுந்த சம்பவத்துக்காகக் காத்திருந்தேன். இன்று வந்துவிட்டது.

சபை வாசலில் ஒரு லாரி செங்கல் இறங்கியிருக்கிறது.

பிற்காலத்தில் இதை ஆராய்ச்சி செய்வோர் வசதிக்காக முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். நான் வெயிலுமுத்து. வெயிலுமுத்து சவுண்ட் சர்வீஸ் என்றால் சாத்தூரிலிருந்து சிங்கப்பூர் வரை தெரியும். எட்டாம் வகுப்பு வரை படித்தேன். அதற்குமேல் எனக்குச் சொல்லித்தர அந்தப் பள்ளிக்கூடத்தில் சரக்கு இல்லை.

எங்கள் ஊரில் வைப்பாற்றுக் கரையில் ஒன்றேசபை இருக்கிறது. காலஞ்சென்ற ஆவுடையப்ப வாத்தியார் நிறுவியது. கிரேக்க தேசத்துப் பழைய ஞானிகளைப் பற்றிய ஒரு புத்தகம் அவருக்குப் பரணில் கிடைத்தது. பாதியைச் செல் தின்றிருந்தது. மிச்சப் பாதியில் இருந்த சங்கதி இதுதான்: உலகத்தில் இருப்பது ஒன்றே. ஒரு ஞானி அந்த ஒன்று தண்ணீர் என்றார். அவருக்குப் பின்னால் வந்தவர், தண்ணீராவது, காற்று என்றார். இன்னொருவர் இரண்டு பேரையும் தள்ளிவிட்டு, இருப்பது இருக்கிறது, இல்லாதது இல்லவே இல்லை, ஆகவே அதைப் பேசவும் கூடாது நினைக்கவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கிரேக்கம் என்பது கன்னியாகுமரிக்கு நேர் மேற்கே, கப்பலில் இரண்டு நாள். நான் ஒருமுறை போயிருப்பேன். அன்றைக்கு ஒரு காதுகுத்துக்கு மைக் செட் ஒத்துக்கொண்டிருந்தேன்.

வாத்தியார் அந்தக் கண்டிப்பான ஞானியைப் பிடித்துக்கொண்டார். சபையில் சேர்ந்தவர்கள் 'இல்லை' என்ற சொல்லை வாயால் சொல்லக்கூடாது. மாட்டேன், தெரியாது, வேண்டாம், முடியாது என்று அதற்கு இருக்கும் ஒட்டு உறவு அத்தனைக்கும் தடை. இவற்றுக்குச் சபையில் 'வெறுஞ்சொல்' என்று பெயர். சாதாரண ஆள் வெறுஞ்சொல் சொன்னால் வாய் கொப்பளித்துவிட்டுச் சபையைப் பெருக்க வேண்டும். தலைவரே சொன்னால் தலைமையை விட்டு இறங்கிவிட வேண்டும். சபைக்காரர் கடையில் போய், "துவரம்பருப்பு இருக்கா?" என்று கேட்டால், "பாசிப்பருப்பு இருக்கு" என்பார். நாமாகப் புரிந்துகொண்டு அடுத்த கடைக்குப் போக வேண்டியதுதான்.

வாத்தியார் கடைசி நேரத்தில் வாயைத் திறந்து கையை நீட்டினார். பக்கத்தில் இருந்தவர்கள் என் அக்கா சீனித்தாயும், அவள் புருஷன் தனுஷ்கோடி அத்தானும். "தண்ணி கேட்டாரு, தண்ணிதான் அந்த ஒன்று" என்றார் அத்தான். "சன்னலைத் தெறக்கச் சொன்னாரு, காத்துதான் அந்த ஒன்று" என்றாள் அக்கா. வாத்தியாரைக் கேட்டுத் தெளிவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். சபை நீர்க்கட்சி, காற்றுக்கட்சி என்று உடைந்தது. அதற்கு அத்தான் தலைவர், இதற்கு அக்கா தலைவி. திங்கட்கிழமை அவர்கள் கூட்டம், வெள்ளிக்கிழமை இவர்கள் கூட்டம், எதிலும் சேராத நான் இரண்டுக்கும் மைக் செட். உலகமே ஒன்று என்கிற இருவருக்கும் ஒரு வீட்டில் இருக்க மட்டும் ஒத்துவரவில்லை. ஆறு வருஷமாக அக்கா என்னோடுதான் இருக்கிறாள். வீடு அவள் பெயரில் வாடகைக்கு எடுத்தது. என் பெயரில் எடுத்தால் ஊர்க் கண் படும்.

இப்போது செங்கல். நீர்க்கட்சிச் செயலாளர் அரியநாயகம் அண்ணாச்சி சிமெண்டுக் கடை வைத்திருப்பவர். சபைக்கு நடுவே ஒரு சுவர் எழுப்பினால் இரண்டு கட்சியும் தினம் கூடலாமே என்று அவருக்கு யோசனை. வைகாசிப் பௌர்ணமி அன்று பொதுச்சபை. கை தூக்கி முடிவெடுத்ததும் அன்றே அஸ்திவாரம். அத்தான் சரி என்றுவிட்டாராம்.

அக்கா இன்று சோறு போடும்போது அமைதியாகச் சொன்னாள்: "சுவரு எந்திரிச்சா நான் கோயமுத்தூரு போறேன். மில்லு ஹாஸ்டல்ல சமையல் பொறுப்புக்கு ஆள் கேட்டாக."

போனால் திரும்புகிற ஜாதி அல்ல அவள். சுவர் எழக்கூடாது, அக்கா அத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். இதை முடிக்கக்கூடிய மூளை இந்த ஜில்லாவில் ஒன்றுதான் இருக்கிறது. அதை உபயோகப்படுத்த இன்று முடிவு செய்துவிட்டேன்.

மே 3, செவ்வாய்

ஆம்ப்ளிஃபயரில் வால்வு போயிற்று. நான் தொட்டதும் சரியாகிவிட்டது. ரேடியோ ரிப்பேர் ஜெபமணியும் அப்போது பக்கத்தில் இருந்தார்.

மே 5, வியாழன்

வேலை தொடங்கிவிட்டது.

அத்தானும் அக்காவும் நேரில் பேசிக்கொள்வது நின்றதிலிருந்து சேதி கொண்டுபோவது நான்தான். அத்தான் சேவுக்கடை வைத்திருக்கிறார். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. தண்ணீரே எல்லாம் என்கிறவருக்குப் பிழைப்பு எண்ணெய்ச் சட்டியில். விதி என்பது இதுதான். நான் போனபோது கரண்டியில் மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, ஒங்க அக்காட்ட சொல்லிரு. செங்கல் எறங்கிருச்சு. பௌர்ணமிக்கு வேலை ஆரம்பம்."

இந்தச் சேதியை இப்படியே கொண்டுபோய்க் கொடுக்க நான் என்ன தபால்காரனா? வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன்: "யக்கா, அத்தான் சொன்னாரு, 'செங்கல் எறக்குறப்ப ஒவ்வொண்ணும் என் நெஞ்சு மேல வச்ச மாதிரி இருந்துச்சு மாப்ளே'ன்னு. கண்ணு கலங்கிருச்சு."

அக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "அவருக்கா?"

"பின்ன எனக்கா?"

"மாவுத் தூசி விழுந்திருக்கும்." இரண்டு புடை புடைத்துவிட்டு, "நல்லாக் கட்டட்டும்னு சொல்லு. காத்துக்குச் சுவரு எம்மாத்திரம்?" என்றாள்.

இதை நான் அத்தானிடம் இவ்வாறு சேர்ப்பித்தேன்: "ஆளு மெலிஞ்சுட்டாராமே, நேரத்துக்குச் சாப்புடுதாரான்னு அக்கா கேட்டா."

"அப்படியா கேட்டா?" என்று கேட்டுவிட்டு அவர் சும்மா நின்றார். சட்டியில் இருந்த சேவு முழுவதும் கருகிவிட்டது. அவர் வியாபாரத்தில் இப்படி நடந்து நான் பார்த்ததே இல்லை. கருகினதை எனக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

மே 8, ஞாயிறு

இன்று நான் ஒரு கண்டுபிடிப்பு செய்துவிட்டேன். கிரேக்கர்களுக்கே தோன்றாதது.

சும்மா ஒரு போடு போட்டுப் பார்ப்போம் என்று கடைக்குப் போய், "அத்தான், அக்காவுக்கு அரைக் கிலோ சேவு குடுத்து விடுதேன்னு போன வாரம் சொன்னீகளே, மறந்துட்டீகளா?" என்றேன். அவர் அப்படிச் சொல்லவே இல்லை.

"நான் எப்ப..." என்று ஆரம்பித்தார். வாய் திறந்தபடியே நின்றது. மீன் மாதிரி ஒருமுறை மூடித் திறந்தார். பிறகு பேசாமல் காகிதத்தை எடுத்து அரைக் கிலோ நிறுத்துக் கட்டினார்.

தெருவில் பாதி தூரம் வந்த பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. 'நான் சொல்லலை' என்று அவரால் சொல்ல முடியாது! சபைக்காரர் யாராலும் சொல்ல முடியாது! இவர்கள் சொன்னதாக நான் எதைச் சொன்னாலும் அது சொன்னதுதான்!

சரிபார்க்க நேரே சிமெண்டுக் கடைக்குப் போனேன். "அண்ணாச்சி, சபைக்கு ரெண்டு மின்விசிறி தர்றேன்னு நேத்துச் சொன்னீகளாமே, ஊரே பாராட்டுது."

அரியநாயகம் அண்ணாச்சிக்கு முகம் சிவந்து, பிறகு வெளுத்து, மறுபடி சிவந்தது. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒண்ணு இருக்கு" என்றார்.

மின்விசிறி சபையில் மாட்டியாயிற்று. நல்ல காற்று. அக்காவுக்கு அதிலே தனிச் சந்தோஷம்.

மே 12, வியாழன்

மருமகள் வளர்மதி மதுரைக் காலேஜிலிருந்து லீவுக்கு வந்துவிட்டாள். அக்காளின் ஒரே மகள். பெட்டி இங்கே, சாப்பாடு அங்கே என்று ஆறு வருஷமாக அவள் லீவு இரண்டு வீட்டுக்கும் நடந்தே கழிகிறது. சபையில் சேராதவள். "ரெண்டு வீட்டுக்கும் சேத்து இல்லைன்னு சொல்ல ஒரு ஆளாவது வேணும்ல மாமா" என்பாள்.

வந்த அன்றைக்கே என்னைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா என்ன மாமா, அம்மா என்னைய மெலிஞ்சுட்டேன்னு சொன்னாளான்னு எங்கிட்ட ஒரு மாதிரியாக் கேக்குறாரு. அம்மா அந்த மாதிரிச் சொல்ற ஆளா?"

"சூழ்நிலை மனுசங்களை மாத்தும் தாயி."

"சூழ்நிலையா, நீங்களா?"

"நான் வெறும் மைக் செட்டு. உள்ள மெல்லப் பேசினா வெளிய பெருசாக் கேக்கும்."

"உள்ள ஒருத்தரும் பேசாமலே வெளிய கேக்குதே மாமா, அதுக்கு என்ன பேரு?"

இந்தக் காலத்துக் காலேஜ்களில் மரியாதை சொல்லிக்கொடுப்பதில்லை. ஆனால் போகும்போது, "எப்படியாச்சும் செய்ங்க. எனக்கு ரெண்டு வீட்டுக்கும் நடந்து நடந்து செருப்பு தேஞ்சு போச்சு" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

மே 15, ஞாயிறு

இன்று என் வாழ்நாள் சாதனை.

அத்தான் சொன்ன சேதி: "பௌர்ணமிக் கூட்டத்துக்கு ரெண்டு குழாய் ஸ்பீக்கர் போதும் மாப்ளே."

அக்காவிடம் போய்ச் சேர்ந்த சேதி: "'சீனி, பௌர்ணமிக்கு முன்னால வீட்டுக்கு வந்துரு. தண்ணியும் காத்தும் சேந்தாத்தான் நுரை. நான் வெறுந்தண்ணியாக் கெடக்கேன். வானத்துல நெலா வந்தா என்ன, என் கெணத்துல விழ மறுக்குதே'ன்னு சொல்லச் சொன்னாரு."

வழியில் மூன்று இடத்தில் நின்று யோசித்துச் செதுக்கியது. கிணறு கடைசி நிமிஷத்தில் வந்தது.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இதை அவரு வாயால சொன்னாரா?"

"இந்தக் காதால கேட்டேன்."

அவள் எழுந்து போனாள். நான் டீக்கடைக்குப் போனேன். இந்த மாதிரி ஒரு சேதியை மனதிலேயே வைத்துக்கொண்டிருந்தால் உடம்புக்கு ஆகாது. நெருங்கினவர்களிடம் மட்டும் சொன்னேன். ஒரு பெஞ்சு ஆள் இருக்கும்.

மே 16, திங்கள்

அக்கா தன் சேலைகள் அத்தனையையும் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். கொடியில் என் வேட்டிக்கு இடம் கிடைக்கவில்லை.

மே 18, புதன்

அக்கா டிரங்குப் பெட்டியைத் தூசி தட்டிவிட்டாள். "நாளைக்குப் போறேன். பெட்டியத் தூக்க வா" என்றாள். வெற்றி! வெற்றி! இருந்தாலும் முன்னேற்பாடு நல்லது என்று அத்தான் கடைக்கு ஓடினேன்.

"அத்தான், நீங்க கூப்பிட்டீகள்ல, அக்கா நாளைக்கு வாரா."

கரண்டி சட்டிக்குள் விழுந்துவிட்டது. இடுக்கியால் எடுத்தார். "கூப்பிட்டேனா?"

"ஆமா. தண்ணியும் காத்தும் சேந்தாத்தான் நுரைன்னு சொன்னீகள்ல." முழுவதையும் ஒருமுறை ஒப்பித்தேன். ஒத்திகை இல்லாமல் விட்டால் நாளைக்கு அவர் திருதிருவென்று முழிப்பாரே.

"நொரைன்னா சொன்னேன்?"

"ஆமா அத்தான்."

"நெலாவும்?"

"நெலாவும். கெணறும்."

கரண்டியைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார். "இன்னும் என்னெல்லாம் சொன்னேன் மாப்ளே?"

"அவ்வளவுதான் அத்தான். மத்ததெல்லாம் நேர்ல சொல்லிக்கிடுவீக."

அவர் அடுப்பைத் தணித்தார். வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு யாரிடமோ சொல்கிற மாதிரி, "அரிசி இருக்கு" என்றார்.

மே 19, வியாழன்

டிரங்குப் பெட்டி பாறை மாதிரி கனம். ஒரு கையால் தூக்கினேன். இரண்டாவது கையைச் சும்மா வைத்திருக்க வேண்டாமே என்று அதையும் கொடுத்தேன்.

பாலம் தாண்டியதும் அக்கா கேட்டாள்: "லே முத்து, அந்த நொரை யாரு யோசனை?"

"அத்தான் சொன்னது."

"சோப்பை அவரு எப்படிச் சொல்லுவாரு, ஞாபகம் இருக்கா? வெள்ளைக்கட்டிம்பாரு. அந்த வாயில நொரையும் நெலாவும் பொறந்துச்சாக்கும்."

எனக்கு வியர்த்துவிட்டது. பெட்டி அவ்வளவு கனம். "அப்ப எதுக்குக்கா போற?"

"நான் போயி வாசல்ல நிப்பேன். என்னைய வெரட்ட அவருக்கு ஒரு வெறுஞ்சொல்லு போதும். அதைச் சொன்னா அவரு தலைமை போயிரும். தலைமையக் குடுத்தாச்சும் என்னைய வெரட்டுதாரான்னு பாக்கப் போறேன். வெரட்டினா இப்படியே பஸ் ஸ்டாண்டு. கோயமுத்தூரு வண்டி நாலரைக்கு இருக்கு."

நான் பெட்டியைக் கீழே வைத்து, இந்த முறை தோளில் ஏற்றிக்கொண்டேன்.

அத்தான் கடை முன்னால் நின்றோம். சேவு வாங்க வந்த கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா அத்தானைப் பார்த்தாள். எண்ணெய் கொதிக்கிற சத்தம்தான். நான் பெட்டியைக் கீழே வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அது பெட்டி தூக்கிய களைப்பு.

"வெயிலா இருக்கு" என்றார் அத்தான். கொஞ்சம் பொறுத்து, "உள்ள நெழல் இருக்கு."

அக்கா உள்ளே போனாள். எங்களோடு வந்திருந்த வளர்மதி என் கையைக் கிள்ளிவிட்டு அவள் பின்னாலேயே ஓடினாள். இன்னும் சிவந்திருக்கிறது.

மே 20, வெள்ளி

வீடு ரொம்ப விசாலமாகிவிட்டது. கை கால் நீட்டிப் படுக்கலாம். நானே உப்புமா கிண்டினேன். பாத்திரத்தை விட்டுப் பிரிய மனமில்லாத பக்குவத்தில் வந்தது.

மே 23, திங்கள்

வளர்மதி வந்து நிலவரம் சொன்னாள். இருவரும் சாப்பிடுகிறார்கள், கடையைப் பார்க்கிறார்கள், தண்ணீர் இருக்கிறது, விறகு இருக்கிறது என்று பேசிக்கொள்கிறார்கள். நுரையைப் பற்றி இருவரும் மூச்சு விடவில்லை. பெட்டி கட்டிலுக்கு அடியில் கட்டினபடியே கிடக்கிறது.

"ஏன்மா பெட்டியப் பிரிக்கலைன்னு கேட்டேன் மாமா. 'உள்ள விட்டாரு, சரி. பதவிக்குப் பயந்து விட்டாரா, எனக்காக விட்டாரான்னு பௌர்ணமிக்கு வெளங்கும். சுவருக்குக் கை தூக்கினாருன்னா அன்னிக்கே பஸ்ஸு'ங்கிறா."

அது போதாதென்று அரியநாயகம் அண்ணாச்சி காதுக்கு நுரை போய்விட்டது. டீக்கடை பெஞ்சில் யாரோ வாய் அடங்காதவர்கள் இருந்திருக்கிறார்கள். காற்றுக்கட்சித் தலைவிக்கு நீர்க்கட்சித் தலைவர் நிலாவைத் தூது விட்டார் என்று ஊரில் பேச்சு. பொதுச்சபையில் இதைக் கேட்டே தீருவேன் என்று அண்ணாச்சி மீசையைத் தடவிக்கொண்டு திரிகிறார். ஆமாம் என்றால் கட்சித் துரோகம். 'சொல்லலை' என்றால் வெறுஞ்சொல். இரண்டில் எது வந்தாலும் தலைமை அண்ணாச்சிக்கு. சிமெண்டும் அவர் கடையில்தான்.

நான் ஒன்றும் பயப்படவில்லை. இரவு இரண்டு தடவை எழுந்து குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

மே 26, வியாழன்

எழுத்து கோணினால் ஆராய்ச்சியாளர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சாயங்காலம் சபை நிறைந்துவிட்டது. ஜனம் ஆயிரம், இரண்டாயிரம் இருக்கும். (வளர்மதி அறுபது பேர் என்கிறாள். அவளுக்குக் கணக்கு எப்போதுமே வராது.) இடது பக்கம் நீர்க்கட்சி, வலது பக்கம் காற்றுக்கட்சி, நடுவில் அண்ணாச்சி சுண்ணாம்பால் போட்டுவைத்த கோடு. ஆம்ப்ளிஃபயர் என் முன்னால். பக்கத்தில் வளர்மதி.

அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார். "தலைவர் அவர்களே. சுவரைப் பத்தி முடிவு எடுக்குமுன்ன ஒரு விளக்கம் கேக்கேன். காற்றுக்கட்சித் தலைவிய நீங்களே ஆள் விட்டுக் கூப்பிட்டதா ஊரெல்லாம் பேச்சு. நொரைங்காக, நெலாங்காக. அது உங்க சொந்த வார்த்தைதானா? கட்சி கேக்குது. பதில் சொல்லணும்."

சொல்லிவிட்டு, தான் கொடுத்த மின்விசிறிக்குக் கீழே நின்று சிரித்தார்.

அத்தான் எழுந்து மைக்குக்கு வந்தார். வலது பக்கத்தில் அக்கா எழுந்து நின்றுவிட்டாள். அவள் முகத்தில் நான் எப்போதும் பார்க்காத ஏதோ இருந்தது. என் விரல் தானாகவே ஆம்ப்ளிஃபயர் சுவிட்சுக்குப் போயிற்று. அணைத்துவிட்டால் 'கரண்டு பிரச்சினை' என்று கூட்டம் கலையும். அத்தான் தப்பிப்பார். நானும்.

"மாமா, கைய எடுங்க" என்றாள் வளர்மதி.

"இல்ல தாயி, ஒரு வேளை அவரு..."

"கைய எடுங்க மாமா. அம்மாவுக்குக் கேக்கணும்."

எடுத்தேன்.

அத்தான் தொண்டையைச் செருமினார். அது ஆறு வரை கேட்டிருக்கும். என் குழாய் அப்படி.

"ஆமா. என் வார்த்தைதான். தண்ணியும் காத்தும் சேந்தாத்தான் நொரை. நான் வெறுந்தண்ணியாக் கெடக்கேன்." ஒரு எழுத்துப் பிசகவில்லை. நிலாவுக்கு வந்ததும் திக்கினார். கிணற்றையும் சேர்த்து விட்டுவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. எடுத்துக் கொடுக்கலாமா என்று பார்த்தேன்.

அதற்குள் அவர், "இன்னொண்ணும் இருக்கு" என்றார்.

"வெள்ளிக்கிழம சாயங்காலம் நான் அடுப்பை அணைச்சுட்டுக் கெளம்பிருவேன். இந்தச் சபைக்குப் பின்னால ஆத்து மணல் இருக்குல்ல, அதுல உக்காருவேன். அவ பேசுறது குழாயில வரும். மொதல்ல அவ பேச்சுக்குத் திங்கக்கிழம பதில் குடுக்கணும்னு கேட்டேன். பெறவு அவ பேச்சக் கேக்கணும்னே கேட்டேன். வீட்டுக்கு வந்து மாவு பெசையறப்ப அதையே நெனப்பேன். ஆறு வருசமா திங்கக்கிழம நான் பேசுறதுல பாதி, வெள்ளிக்கிழம அவ பேசினது. காத்துன்னு அவ சொன்ன எடத்துல தண்ணின்னு போட்டுக்கிடுவேன். நீங்க கைதட்டினதெல்லாம் அவளுக்குத்தான்."

நீர்க்கட்சி வரிசையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதுக்கு நடுவுல சுவரு வைக்கணும்கிறவங்க கை தூக்குங்க. என் கை கீழ இருக்கு. தலைமை யாருக்கு வேணுமோ எடுத்துக்கிடட்டும்."

அண்ணாச்சி கை மட்டும் மேலே போயிற்று. அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். அவர் கடைக் கணக்குப்பிள்ளை அரைக் கை தூக்கி, தலையைச் சொறிந்துகொண்டார்.

அக்கா சுண்ணாம்புக் கோட்டை மிதித்துக்கொண்டு மைக்குக்கு வந்தாள். அத்தான் பக்கத்தில் நின்றாள். அவள் என்ன பேசப்போகிறாள் என்று நானே முன்னால் சாய்ந்துவிட்டேன்.

"அந்த மணல்ல கொசு ஜாஸ்தியா இருக்குமே" என்றாள்.

"இருக்கும்" என்றார் அத்தான்.

சபை சிரித்த சிரிப்பில் குழாய் கிர்ரென்று ஊளையிட்டது.

ஒரு விஷயம் எழுதிவைக்கிறேன். நுரை என்னுடையது, யார் கேட்டாலும் சாட்சி சொல்வேன். வெள்ளிக்கிழமை, ஆற்று மணல், மாவு பிசைவது, இதெல்லாம் என் சரக்கு அல்ல. என் சரக்காக இருந்தால் கொஞ்சம் நிலா வெளிச்சம் போட்டிருப்பேன். ஆறு வருஷம் வெள்ளிதோறும் சபையின் முன்பக்கம் உட்கார்ந்து மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்பக்கம் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது.

மே 28, சனி

பெட்டியைப் பிரித்தாயிற்று. வளர்மதி சொன்னாள்.

அரியநாயகம் அண்ணாச்சி சபையை விட்டு விலகி, தன் குடோனில் மண்கட்சி தொடங்கிவிட்டார். சிமெண்டு, செங்கல், மணல் என எல்லாம் மண்தானே, ஆகவே உலகம் மண்ணே என்கிறார். உறுப்பினர்கள் அவரும் கணக்குப்பிள்ளையும். தொடக்க விழாவுக்கு மைக் செட் என்னுடையதுதான். வேறு யாரைக் கூப்பிடுவார்? செங்கலைத் தானே வண்டி வைத்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அக்கா கூப்பிட்டாள். "லே, நீயும் இங்கயே வந்துரு. ஒத்தையில என்ன செய்வ?"

எனக்கு இருக்கிற வேலைக்கு எங்கே போவது என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாப்பிட வரலாம், அவர்கள் ரொம்பவும் வற்புறுத்தினால். அக்கா சரி என்றாள். ஒரு தடவைதான் வற்புறுத்தினாள்.

ஜூன் 5, ஞாயிறு

அத்தான் வீட்டில் சாப்பாடு. கூடத்தில் அத்தானுக்கும் எனக்கும் இலை. அடுப்படியில் அக்காவும் வளர்மதியும். காலையிலேயே அத்தானுக்கும் அக்காவுக்கும் சண்டை. நெருப்பு எரிவது காற்றாலா, விறகில் இருக்கும் ஈரத்தாலா என்று ஆரம்பித்து, பேச்சு நின்று போயிருந்தது. பழைய நாட்கள் திரும்பிவிட்டனவோ என்று எனக்குச் சுருக்கென்றது. உதவிக்கு இரண்டு மூன்று வாக்கியங்களை மனதில் தயார் செய்துகொண்டேன்.

அத்தான் ரசத்தை ஒரு வாய் எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "மாப்ளே, ஒங்க அக்காட்ட சொல்லு. ரசத்துல நான் உப்பைத் தேடிக்கிட்டு இருக்கேன்."

அக்கா நாலடி தூரத்தில்தான் இருக்கிறாள். இருந்தாலும் எழுந்து போய்ச் சொன்னேன்: "யக்கா, ரசத்துல அவரு உப்பைத் தேடிக்கிட்டு இருக்காராம்."

"அவரு இடது கைக்குப் பக்கத்துல உப்பு ஜாடி இருக்குன்னு சொல்லு. தேடுற மனுசன் அதையும் தேடட்டும்."

திரும்பி வந்தேன். "ஒங்க இடது கைக்குப் பக்கத்துல உப்பு ஜாடி இருக்காம். தேடுற மனுசன் அதையும் தேடட்டுமாம்."

வளர்மதி அடுப்படி வாசலிலிருந்து என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. போகும்போதும் வரும்போதும் நான் ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை.

அத்தான் உப்பைப் போட்டுக்கொண்டார். அக்கா வந்து கேளாமலே இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். அவள் திரும்புவதற்குள் நானும் என் இலையை முன்னால் நகர்த்தினேன்.